முகமூடிக்குக் கீழே தெரிந்த கால்

அந்தமான் தீவுகளின் பெரார்கஞ்சில் டிசம்பர் மாதம் மாலை ஐந்து மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். பர்மாவுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு டெல்லியின் கடிகாரத்தைப் பார்த்து வாழும் ஊர் அது. அதனால் அங்கே வீடு வீடாகப் பாடிப்போகும் கேரல் ரவுண்ட்ஸும் சீக்கிரமே கிளம்பிவிடும். சில ஆண்டுகளுக்கு முன் கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, உறவினர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். முதலில் ட்ரம் சத்தம் கேட்டது. பிறகு வளைவில் பிக்கப் வண்டியின் வெளிச்சம் தெரிந்தது. அது நிற்பதற்குள், சிவப்பு அங்கியும் ரப்பர் முகமூடியுமாகக் கிறிஸ்துமஸ் தாத்தா குதித்து இறங்கினார். அந்த வீட்டின் மூத்த பெண்ணுக்கு அப்போது எட்டு வயது. தாத்தா ஆடிக்கொண்டே வந்து அவளிடம் மிட்டாயை நீட்டினார். வாங்கிக்கொண்டவளின் பார்வை அவர் காலுக்குப் போனது. ரப்பர் செருப்புக்குள் வலது கால் பெருவிரல் நகம் கன்றிக் கறுத்திருந்தது. அந்த வாரம்தான் பக்கத்து வீட்டு மாமா காலில் மரக்கட்டை விழுந்திருந்தது. தண்ணீர் எடுத்துக்கொண்டு முதலில் ஓடியவள் இவள்தான்.

ஒரு நொடி அசையாமல் நின்றாள். பிறகு தாவணித் தலைப்பைப் பிடித்துக்கொண்டு அத்தைக்குப் பின்னால் ஒளிந்திருந்த தம்பியை இழுத்து முன்னால் நிறுத்தி, "தாத்தாவுக்குக் கை குடுடா" என்றாள்.

அந்த ஒரு நொடியைப் பற்றி உலகத்தில் நிறையவே ஆராய்ந்திருக்கிறார்கள். உளவியலாளர்கள் வயதைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். ஒரு மானுடவியலாளர் அதைச் சாவோடு சேர்த்து யோசித்திருக்கிறார். பாதிரிமார் கோபப்பட்டிருக்கிறார்கள், பத்திரிகை ஆசிரியர் தலையங்கம் எழுதியிருக்கிறார். அதையெல்லாம் படித்துவிட்டு அந்தப் பெண் காலைப் பார்த்ததை நினைக்கும்போது, நம் பக்கத்துக் குழந்தைகளுக்கு நடப்பது இந்த ஆய்வுகளில் பாதியளவுதான் பிடிபட்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

வயதைப் பற்றிப் பெரிய சண்டை இல்லை. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல் ஆண்டர்சனும் நார்மன் பிரென்டிஸும், சான்டா கிளாஸ் உண்மையில்லை என்று அறிந்துகொண்ட 52 குழந்தைகளைச் சந்தித்துப் பேசி 1994-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பெரும்பாலான பிள்ளைகள் ஏழு வயதையொட்டித் தாங்களாகவே கண்டுபிடித்திருந்தார்கள். அதைச் சொல்லும்போது அவர்களிடம் துக்கத்தைவிடப் பெருமைதான் அதிகம் இருந்தது. துக்கம் பெற்றோரிடம் இருந்தது. பிள்ளை வளர்ந்துவிட்டதே என்ற துக்கம். இதை வாசித்தபோது எனக்குப் பல விஷயங்கள் விளங்கின. 'குழந்தை மனசு உடைந்துவிடும்' என்று நாம் பயப்படும்போது, பெரும்பாலும் நம்முடைய மனசைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஆனாலும் எல்லாப் பிள்ளைக்கும் அது அத்தனை சுலபமாக முடிவதில்லை. கேண்டிஸ் மில்ஸ், தாலியா கோல்ட்ஸ்டீன் ஆகியோர் கூட்டாளிகளோடு சேர்ந்து 2024-இல் வெளியிட்ட ஆய்வில் 6 முதல் 15 வயதுவரையான 48 பிள்ளைகளும் 383 பெரியவர்களும் பேசியிருக்கிறார்கள். பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினரும், பழையதை நினைத்துச் சொன்ன பெரியவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேரும் ஏதோ ஒரு வகையில் வருத்தப்பட்டதாகச் சொன்னார்கள். பெரும்பாலோருக்கு அந்த வருத்தம் நீடிக்கவில்லை. ஆழமாக அடிபட்டவர்கள் யார் என்று பார்த்தால், வயது கொஞ்சம் கூடியபின் தெரிந்துகொண்டவர்கள், யாரோ ஒருவர் வாயிலிருந்து திடீரென்று கேட்டவர்கள், வீட்டில் அந்த நம்பிக்கையை மிகவும் ஊட்டி வளர்க்கப்பட்டவர்கள். இவ்வளவுக்குப் பிறகும், கேட்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் தங்கள் பிள்ளைகளோடு இதே வழக்கத்தைத் தொடரவே விரும்பினார்கள். அந்தக் கடைசிச் செய்திக்குப் பிறகு வருகிறேன்.

சந்தேகம் எந்த வழியாக உள்ளே வருகிறது? இதில் எனக்குப் பிடித்த ஆய்வு ஆண்ட்ரூ ஷ்டுல்மனும் ரேச்சல் யூவும் 2015-இல் வெளியிட்டது. எது நடக்கக்கூடியது, எது நடக்க முடியாதது என்று நன்றாகப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த பிள்ளைகள், சான்டாவிடம் கேட்க விரும்பிய கேள்விகளும் வேறு மாதிரி இருந்தன. சின்னப் பிள்ளைகள் 'எங்கே இருக்கிறாய்' என்ற வகையில் கேட்டார்கள். பக்குவப்பட்டவர்கள் 'எப்படி ஒரே ராத்திரியில் அத்தனை வீட்டுக்கும் போகிறாய்' என்ற வகையில் கேட்டார்கள். நம்பிக்கை இன்னும் போகவில்லை, ஆனால் கேள்வி 'எங்கே'யிலிருந்து 'எப்படி'க்கு நகர்ந்துவிட்டது. வெளியிலிருந்து யாரும் வந்து உடைக்கவில்லை, உள்ளேயிருந்தே முளைக்கிறது.

தீவுப் பிள்ளைகளின் 'எப்படி' வேறு மாதிரி இருக்கும். அங்கே புகைபோக்கி கிடையாது, தகரக் கூரைதான். பனி கிடையாது. வெங்காயத்திலிருந்து சைக்கிள்வரை பெரும்பாலான சாமான்கள் சென்னையிலிருந்தோ கொல்கத்தாவிலிருந்தோ விசாகப்பட்டினத்திலிருந்தோ கப்பலில் வர வேண்டும். கப்பல் வர மூன்று நாளாவது ஆகும், கடல் கொந்தளித்தால் இன்னும் கூடும். சரக்குக் கப்பல் தாமதமானால் கடையில் எது தீர்ந்துபோகும் என்று ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தெரிந்த ஊரில், ஒரே ராத்திரியில் வடதுருவத்திலிருந்து வந்துவிட்டுப் போகிறவர் ரொம்ப நாள் தாக்குப்பிடிக்க முடியாது. இன்னொரு 'எப்படி'யும் உண்டு. பெரார்கஞ்ச் என்ற பெயர், 1923 முதல் 1931 வரை அந்தமானின் தலைமை ஆணையராக இருந்த மைக்கேல் லாயிட் ஃபெராருடையது. 1921 மலபார்க் கிளர்ச்சிக்குப் பின் கொண்டுவரப்பட்ட மாப்பிள்ளைமார், 1920-களின் நடுவில் இரட்சணிய சேனையின் மேற்பார்வையில் ஐக்கிய மாகாணத்திலிருந்து குடியேற்றப்பட்ட பாந்து மக்கள், 1918 முதல் காட்டு வேலைக்கு அழைத்துவரப்பட்ட 'ராஞ்சி'க்காரர்கள், விடுதலைக்குப் பின் வந்த வங்காளிகள், தமிழர், தெலுங்கர் என்று அடுத்தடுத்து வந்து குடியேறிய வட்டாரம் அது. 2011 கணக்கெடுப்பில் தீவுகளின் மக்களில் ஏறக்குறைய 15 விழுக்காடு தமிழர், 21 விழுக்காடு கிறிஸ்தவர். தெருவில் எல்லோருக்கும் பொதுவாக இந்தி, வீட்டுக்குள் அவரவர் மொழி. தாத்தா ராஞ்சிக்காரர் வீட்டு வாசலில் இந்தியில் வாழ்த்துகிறார், அடுத்த வாசலில் திருநெல்வேலித் தமிழில் பேசுகிறார். நம்புகிற பிள்ளைக்கு அவர் எல்லா மொழியும் தெரிந்த அற்புதர். சந்தேகம் தொட்ட பிள்ளைக்கு, அந்தத் திருநெல்வேலித் தமிழை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறது.

இந்த இடத்தில்தான் அந்த ஆய்வுகளும் நம் அனுபவமும் பிரிகின்றன. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் சான்டா கண்ணுக்குத் தெரியாமல் ராத்திரியில் வருகிறவர். பரிசு வைப்பது அம்மா அப்பா. ரகசியமும் அவர்களுடையதுதான். அதனால் உண்மை தெரியும்போது பிள்ளை முகம் பார்க்க வேண்டியது பெற்றோரைத்தான். 'என்னிடம் பொய் சொன்னீர்களே' என்ற கேள்வி அங்கே அதனால்தான் அத்தனை கனமாக இருக்கிறது. 2016-இல் கிறிஸ்டோபர் பாயிலும் கேத்தி மக்கேயும் தி லான்செட் சைக்கியாட்ரி இதழில் எழுதியபோது இதைத்தான் கேட்டார்கள்: இத்தனை வருடம் இவ்வளவு பெரிய பொய்யை ஒருமனதாகச் சொன்னவர்கள், இனி எதைச் சொன்னால் பிள்ளை நம்பும்? நேர்மையான கேள்வி அது. தமிழ்நாட்டிலும் தீவுகளிலும் பெருவாரியாக நடப்பது வேறு. நம் தாத்தா விளக்கு வெளிச்சத்தில், ட்ரம் சத்தத்தோடு, ஊர் பார்க்க வருகிறார். அவர் தருவது ஒரு கை மிட்டாய். புதுத்துணி அப்பா வாங்கித் தந்தது என்று பிள்ளைக்கு முதலிலிருந்தே தெரியும். அச்சுமுறுக்கு அம்மாவும் பாட்டியும் சுட்டது. இங்கே மறைந்திருப்பது ஒரு மனிதனின் முகம் மட்டும். பிள்ளை கண்டுபிடிப்பது, 'தாத்தா இல்லை' என்பதைவிட, 'தாத்தா நம்ம மாமா' என்பது.

இரண்டுக்கும் நடுவே பெரிய தூரம் இருக்கிறது. ஒன்றில் ஒருவர் இல்லாமல் போகிறார், மற்றதில் ஒருவர் கிடைக்கிறார்.

பெரியவர்கள் சொல்லாமலே பிள்ளைகள் நம்புவதும் நமக்குப் புதிதில்லை. மயிலிறகைப் பாடப்புத்தகத்துக்குள் வைத்தால் குட்டி போடும் என்று எனக்கு எந்தப் பெரியவரும் சொல்லித் தரவில்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளை இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொன்னது. அதற்குத் தீனியாகப் பென்சில் சீவல் போட வேண்டும், அடிக்கடி திறந்து பார்க்கக் கூடாது என்ற விதிகள்கூடப் பிள்ளைகளே வகுத்தவை. திறந்து பார்க்கக் கூடாது என்ற விதி எத்தனை நுட்பமானது என்று இப்போது வியக்கிறேன். நம்பிக்கையைக் காப்பாற்றும் வேலையையும் அந்தப் பிள்ளைகளே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். மயிலிறகு குட்டி போடாது என்று தெரிந்த நாளை யாருக்கும் நினைவில்லை. யாரையும் குற்றம் சொல்லவும் இல்லை. சிண்டி டெல் கிளார்க் 1995-இல் வெளியிட்ட நூலில், சான்டாவையும் பல் தேவதையையும் பெரியவர்கள் பிள்ளைகளின் தலையில் ஏற்றிவைப்பதாக எண்ணுவது தவறு, பிள்ளைகள் தாங்களும் சேர்ந்து அவர்களை உண்டாக்குகிறார்கள் என்று வாதிட்டார். மயிலிறகு வைத்த எவரும் அவரோடு உடன்படுவார்கள்.

நம்பும் பிள்ளை ஏமாளி என்று நினைப்பதும் சரியில்லை. ஜாக்குலின் வூலியும் அவரோடு ஆய்ந்தவர்களும் 2004-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், முன்பு இல்லாத 'மிட்டாய்ச் சூனியக்காரி' ஒருத்தியை உருவாக்கி, பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்தினார்கள். ஹாலோவீன் மிட்டாயை வைத்துவிட்டுத் தூங்கினால், அவள் அதை எடுத்துக்கொண்டு பொம்மை வைத்துவிட்டுப் போவாள். சில வீடுகளில் பெற்றோரைக் கொண்டு அவளை 'வரவழைத்தார்கள்'. அவள் வந்துபோன வீடுகளில், சற்றே பெரிய பிள்ளைகள் அவளை இன்னும் உறுதியாக நம்பினார்கள். காரணம் எளிது: அவர்களுக்குச் சான்றை எடைபோடத் தெரியும், பெரியவர்கள் கொடுத்த சான்றும் பலமாக இருந்தது. மிட்டாய் போய்விட்டது, பொம்மை இருக்கிறது, அம்மா ஆமாம் என்கிறாள். அதே எடைபோடும் அறிவுதான் பிறகு கறுத்த நகத்தைப் பார்த்ததும் வேறு முடிவுக்கு வருகிறது.

இந்த அறிவுக்கு மரியாதை கொடுக்காத ஒரு பதில் உலகப் புகழ் பெற்றிருக்கிறது. 1897-இல் நியூயார்க்கில் எட்டு வயது வர்ஜீனியா ஓஹான்லன், தன் தோழிகள் சான்டா இல்லை என்கிறார்கள், உண்மையைச் சொல்லுங்கள் என்று 'தி சன்' பத்திரிகைக்கு எழுதினாள். பிரான்சிஸ் சர்ச் செப்டம்பர் 21 அன்று தலையங்கத்தில் பதில் எழுதினார். அன்பும் தாராளமும் இருக்கும்வரை சான்டாவும் இருப்பார் என்பது அதன் சாரம். அழகான எழுத்து, நூறு ஆண்டுக்கு மேலாக மறுபடி மறுபடி அச்சிடுகிறார்கள். எனக்கு அதில் ஒரு வருத்தம் உண்டு. அந்தச் சிறுமி கேட்டது 'உண்டா, இல்லையா' என்று. தோழிகள் சொன்னது சரி. அவர்களைச் சந்தேக யுகத்தின் பிள்ளைகள் என்று ஒதுக்கியது அந்தப் பதில். எட்டு வயதில் ஒரு பிள்ளை துணிந்து கேட்கும் கேள்வியை, அவளைவிட நன்றாக எழுதத் தெரிந்த ஒருவர் மூடிவிட்டார்.

எதிர்ப்பக்கத்தின் கோபமும் பிள்ளைகளுக்கு நியாயம் செய்யவில்லை. 1951 டிசம்பர் 23 அன்று பிரான்சின் டிஜோன் நகரப் பேராலயத்தின் முன்னால், ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் கூடியிருக்க, சான்டாவின் உருவத்தைத் தூக்கிலிட்டு எரித்தார்கள். கிறிஸ்து பிறப்பை இந்தக் கட்டுக்கதை விழுங்கிவிடுகிறது என்பது குருமாரின் குற்றச்சாட்டு. மறுநாள் மாலை நகரசபைக் கட்டடத்தின் கூரையில் சான்டா மறுபடி தோன்றினார். நம் சபைகளிலும் அந்தக் கவலையைக் கேட்டிருக்கிறேன்: தாத்தா பொய் என்று தெரிந்த பிள்ளை, தொழுவத்துப் பாலனையும் பொய் என்று நினைக்காதா? கிறிஸ்துமஸையே கொண்டாடாத பெந்தெகொஸ்தே சபைகளும் உண்டு. ஆனால் நம் பிள்ளைகள் குடிலையும் தாத்தாவையும் ஒரே தட்டில் வைத்து நான் பார்த்ததில்லை. குடிலின் முன் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறார்கள், தாத்தாவின் தாடியை இழுத்துப் பார்க்கிறார்கள். எதை இழுக்கலாம், எதை இழுக்கக் கூடாது என்று மூன்று வயதிலேயே தெரிகிறது.

டிஜோன் செய்தியைப் படித்துவிட்டு மானுடவியலாளர் க்ளோத் லெவி-ஸ்த்ராஸ் 1952-இல் ஒரு கட்டுரை எழுதினார். இந்தப் பொருளைப் பற்றி எழுதப்பட்டவற்றில் அதுவே ஆகச் சிறந்தது என்பது என் எண்ணம். பெரியவர்கள் இதை ஏன் விடாமல் செய்கிறார்கள் என்று அவர் கேட்டார். அமெரிக்காவின் தென்மேற்கில் வாழும் புவெப்லோ மக்களிடம் கச்சினா என்ற முகமூடித் தெய்வங்கள் உண்டு. குறித்த காலத்தில் ஊருக்குள் வந்து ஆடுவார்கள், பிள்ளைகளுக்குப் பரிசும் தண்டனையும் தருவார்கள். முகமூடிக்குள் இருப்பது தங்கள் அப்பனும் மாமனும்தான் என்பது பிள்ளைகளுக்குத் தெரியாது. உரிய வயதில் ஒரு சடங்கு வைத்து அதைத் தெரிவிக்கிறார்கள். தெரிந்தவன் அதன்பின் முகமூடி அணியும் தகுதி பெறுகிறான். சான்டாவும் அப்படித்தான் என்றார் லெவி-ஸ்த்ராஸ்: தெரிந்தவர்களையும் தெரியாதவர்களையும் பிரிக்கும் கோடு அது, அதைக் கடப்பது ஒரு சடங்கு. நவீன நகரத்தில் அந்தச் சடங்குக்கு வடிவம் இல்லை. நம் கேரல் வண்டியில் அது கொஞ்சம் மிச்சம் இருக்கிறது என்பேன்.

அவர் இன்னும் ஒரு படி போகிறார். கச்சினாக்கள் யார் என்று அந்த மக்களின் கதை சொல்கிறது: மூதாதையர் இடம்பெயர்ந்தபோது ஆற்றில் மூழ்கிப்போன முதல் பிள்ளைகளின் ஆவிகள். அவர்கள் ஆண்டுதோறும் வந்து, போகும்போது உயிரோடிருந்த பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனார்களாம். இனி வர வேண்டாம், நாங்களே உங்கள் முகமூடியை அணிந்து உங்களுக்காக ஆடுகிறோம் என்று ஊர் வாக்குக் கொடுத்ததாம். பிள்ளைகளுக்கு நாம் கொடுக்கும் பரிசு, ஒருவகையில் இறந்தவர்களுக்குக் கொடுக்கும் பரிசு என்று அங்கிருந்து ஒரு முடிவுக்கு வருகிறார்.

பாரிஸில் இருந்து படிப்பவர்களுக்கு இது ஒரு கூர்மையான கருத்து. அந்தமானில் உட்கார்ந்து படித்தபோது என்னால் அந்தப் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை ஆறரை மணிக்கு நிலம் ஆடியது, பிறகு கடல் வந்தது. தென் அந்தமானின் கரையோர நிலம் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்து, நெல்வயல்களில் புகுந்த உப்புநீர் வடியாமல் நின்றுவிட்டது. பேரழிவு தெற்கே நிக்கோபாரில். கார் நிக்கோபாருக்குக் கிறிஸ்துமஸ் வெறும் விடுமுறை நாளில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் மூஸ் கிராமத்தில் பள்ளி நடத்தியவர் வேதப்பன் சாலமன் என்ற தமிழ் உபதேசியார். அவரிடம் படித்த சிறுவன் ஜான் ரிச்சர்ட்சன் பின்னாளில் தீவுகளின் பிஷப் ஆனார், முதல் மக்களவையின் நியமன உறுப்பினரும் ஆனார். அவர் காலத்தில் அந்தத் தீவே ஏறக்குறையக் கிறிஸ்தவத் தீவானது. பாட்டும் பன்றி விருந்துமாகக் கொண்டாட்டம் புத்தாண்டுவரை நீளும். அந்த ஆண்டு ஒரு நாளில் முடிந்தது. உயிர் தப்பிய பிள்ளைகள் கப்பலிலும் விமானத்திலும் போர்ட் பிளேருக்கு வந்து முகாம்களில் தங்கினார்கள்.

முந்தின ராத்திரி கிடைத்த மிட்டாய் வாயில் கரைவதற்குள் எல்லாம் போன பிள்ளைகளுக்கு, 'சான்டா உண்டா' என்ற கேள்வி எந்த வயதில் வந்தது, எப்படித் தீர்ந்தது? அந்தப் பிள்ளைகளுக்கு இப்போது இருபத்தைந்து, முப்பது வயதாகிறது. அவர்களில் சிலர் முகமூடி போட்டுக்கொண்டு வண்டியிலிருந்து குதித்து இறங்குகிறவர்களாக இருக்கலாம். தீவுகளில் டிசம்பர் 25 இரவு பாடுகிறவர்கள் 26 காலை மெழுகுவர்த்தி ஏற்றி நினைவுகூர்கிறார்கள். ஆட்டமும் அஞ்சலியும் பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் நிற்கின்றன. கச்சினாக் கதையைப் புரிந்துகொள்ளத் தீவு மக்களுக்கு விளக்கவுரை வேண்டியதில்லை.

நம்பிக்கை போனபின் என்ன மிஞ்சுகிறது என்ற கேள்விக்கு வருகிறேன். மில்ஸின் ஆய்வில், வருத்தப்பட்டவர்கள்கூட வழக்கத்தைத் தொடர விரும்பியதை முன்பு சொன்னேன். தமிழ்நாட்டுக் கல்லூரிகளிலும் விடுதிகளிலும் டிசம்பரில் சீட்டுக் குலுக்கி 'கிறிஸ் மாம், கிறிஸ் சைல்ட்' விளையாடாதவர்கள் குறைவு. இன்னாரென்று காட்டிக்கொள்ளாமல் ஒரு மாதம் ஒருத்தியைக் கவனித்துக்கொள்ள வேண்டும். தலையணைக்கடியில் சாக்லேட் இருக்கும், தேர்வு நாளில் ஒரு வாழ்த்துச் சீட்டு இருக்கும். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்று எல்லோரும் விளையாடுகிறார்கள். சான்டாவை நம்பி வளராதவர்கள்கூட, அவருடைய வேலையை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். யாருக்கு, யாரிடமிருந்து என்பது தெரியாமல் கொடுப்பதில் ஒரு தனிச் சந்தோஷம் இருக்கிறது. அதைக் கற்றுக்கொள்ள முதலில் கொஞ்ச காலம் தெரியாமல் வாங்கியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

பெற்றோர் என்னிடம் கேட்டால் இவ்வளவுதான் சொல்வேன். பிள்ளை கேட்காதவரை சொல்ல வேண்டாம். சந்தேகத்தோடு கேட்டால், 'நீ என்ன நினைக்கிறாய்' என்று கேளுங்கள். உண்மையைத்தான் கேட்கிறாள் என்று கண் சொன்னால், சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுங்கள், சொன்ன கையோடு ஒரு வேலையும் கொடுங்கள்.

பெரார்கஞ்சுப் பெண்ணிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அடுத்த டிசம்பரில் என்னால் போக முடியவில்லை. உறவினர் போனில் பேசும்போது சொன்னார்: சிவப்பு அங்கியின் ஓரத்துக்குப் பஞ்சு ஒட்டும் வேலையை அவளே வலியப்போய் வாங்கிக்கொண்டாளாம். வண்டி கிளம்பும்போது பக்கத்து வீட்டு மாமாவின் முன் ஒரு ஜோடி ஷூவைக் கொண்டுவந்து வைத்திருக்கிறாள். அவள் அப்பாவுடையது. கொஞ்சம் பெரிதுதான், காகிதம் திணித்துக்கொண்டால் போதும்.

"போட்டுக்கங்க மாமா. தம்பி இப்பல்லாம் காலைப் பாக்குறான்."